காலமயக்கமும் கணினி வட்டும்

நிகழாத வினையை நிகழ்ந்ததாகக் கூறுதல் வழுவாம். ஆயினும், விரைவுப்பொருள் தோன்ற வருமிடத்து அதனைத் தொல்காப்பியர் வினையியலில் அமைத்துக்கொண்டார். 'இன்னும் உண்ணவில்லையோ' என உடன்செல்ல வேண்டியவன் வினவ, உண்ணாதிருப்பவன் உண்டு வந்துவிட்டதாக விடையிறுத்தலை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். இவ்வமைதியின் எல்லை யாது என்பதை இலக்கியத்திற்குப் புறம்பானதொரு நூல்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அந்நூல், யூனிக்ஸ் என்னும் கணினி இயக்க முறைமையின் ஆறாம் பதிப்பு (1975). அதன் மூலத்திற்கு ஆத்திரேலிய நாட்டு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ் 1977இல் உரை வகுத்தார். மூலமும் உரையும் நெடுங்காலம் படிகளாகவே பரவி, 1996இல் நூலாக அச்சேறின.

வட்டில் எழுதுதல் காலங்கொள்ளும் வினை. ஆதலின் இம்முறைமை, எழுதவேண்டியதை நினைவகத்தின் இடைத்தேக்கத்தில் வைத்துக்கொண்டு, 'எழுதியாயிற்று' என விடை கூறிவிடும். ஆறாம் பதிப்பில் அத்தகைய தேக்கங்கள் 15. ஒவ்வொன்றும் 512 பைட்டு கொள்வது. 30 நொடிக்கொருமுறை அவற்றிலுள்ளவை வட்டிற்கு அனுப்பப்படும். இடையே படிக்க வருவோர்க்கும் தேக்கமே விடை தருதலின், முரண் தோன்றுவதில்லை. இதுகாறும் இவ்விறந்தகாலம் வழுவமைதியே.

வட்டைக் கழற்றுங்கால் நிலை வேறாகும். கழற்றுமுன் கோப்பு முறைமையை 'இறக்குதல்' மரபு. மூலத்தில் இறக்கற்பகுதி முதற்கண் தேக்கங்களை வட்டிற்கு அனுப்பச் செய்கிறது. பின்னர் அவ்வட்டின் கோப்பு எதுவும் பயன்பாட்டில் உளதாயின் இறக்க மறுக்கிறது. இம்முறைவைப்பு போற்றத்தக்கது. எனினும் இருகுறை உள.

ஒன்று: அனுப்புஞ் செயல் தேக்கங்களை எழுதத் தொடங்குகின்றதேயன்றி, எழுதி முடியுங்காறும் காத்திருப்பதில்லை. எனவே, 'இறக்கியாயிற்று' என்பதும் காலமயக்கமே. மற்றொன்று: எழுதித் தீர்ந்த தேக்கங்கள் துடைக்கப்படுவதில்லை. அவ்விடத்தே வேறொரு வட்டைப் பொருத்தின், சாதன எண்ணும் தொகுதி எண்ணும் ஒத்தலின், பழைய வட்டின் செய்தி புதியதன் செய்தியாக வழங்கப்படலாம். முன்னது எழுதாமையால் வரும் கேடு. பின்னது மறவாமையால் வரும் கேடு.

தேக்கங்கள் சிலவே, அவை விரைவில் எழுதப்பட்டுவிடும், ஆதலின் இஃது ஏட்டளவான குறையே எனச் சிலர் கூறலாம். அது பொருந்தாது. சிங்க் என்னும் கட்டளையைப் பன்முறை தட்டெழுதிக் காலம் போக்கிய பழைய இயக்குநர் வழக்கமே, 'முடிந்தது' என்னும் சொல்லை அவர் நம்பாமைக்குச் சான்று. லினக்சு முறைமையிலும் 1.3.20 பதிப்பிற்குப் பின்னரே அவ்வழைப்பு எழுதி முடியுமட்டும் காத்திருக்கலாயிற்று.

இதனால் பெறப்படுவது: விரைவு பற்றிய இறந்தகாலம், சொல்லியவன் சொல்லியதைச் செய்துமுடிக்க வாய்ப்புள்ள வரையிலேயே அமைதியாம், பிரியும்பொழுது அது வழுவேயாம். ஆகவே, இறக்குதல் என்னுஞ் சொல்லுக்குக் கலைச்சொல் அகராதியில் 'துண்டித்தல்' என்று மட்டும் பொருள் வரைதல் சாலாது. எழுதி முடித்தல், துடைத்தல், பிரித்தல் என்னும் மூன்றும் அம்முறையே அடங்க வரைதலே மாணாக்கர்க்கு நலம் பயக்கும்.