கதவின் இரு பக்கமும்

சீனப் புத்தாண்டுக்கான சொற்களைக் கற்க முனைபவர் கையில் முதலில் கிடைப்பது வாழ்த்துப் பட்டியல்தான். 'சின் நியென் குவாய் ல', 'கோங் சி ஃபா த்சாய்', 'நியென் நியென் யோ யூ' என்று பத்துப் பதினைந்து தொடர்கள். அவற்றைச் சொல்லிப் பழகினால் ஒரு விருந்தைச் சமாளித்துவிடலாம். ஆனால் அந்த மொழி பண்டிகையை எப்படிக் கொண்டாடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் வாசற்கதவின் முன் போய் நிற்க வேண்டும். கதவின் இரு பக்கமும் நெட்டுவாக்கில் இரண்டு சிவப்புத் தாள்கள், நிலைக்கு மேலே குறுக்காக ஒன்று. இதற்குச் சுன்லியென் என்று பெயர். யாப்பும் எழுத்துக்கலையும் பண்டிகையும் ஒன்றாகக் கூடும் இடம் இது. சீனக் கலைகளில் என் மனம் முதலில் நாடுவதும் இதைத்தான்.

ஓர் எளிய இணையைக் கட்டிப் பார்க்கலாம். முதல் வரி: 'சுன் லாய் சியென் ஷூ ல்யூ'. வசந்தம் வர, ஆயிரம் மரம் பச்சை. இரண்டாவது: 'ஃபூ தாவ் வான் ஜியா ஹோங்'. நற்பேறு சேர, பத்தாயிரம் வீடு சிவப்பு. இப்போது குறுக்காகப் படியுங்கள். வசந்தத்துக்கு எதிரே நற்பேறு, வருவதற்கு எதிரே சேர்வது, ஆயிரத்துக்குப் பத்தாயிரம், மரத்துக்கு வீடு, பச்சைக்குச் சிவப்பு. பெயருக்குப் பெயர், வினைக்கு வினை, எண்ணுக்கு எண், நிறத்துக்கு நிறம். நம் முரண்தொடை ஓரிரு சீரில் அமைந்தாலே நமக்கு நிறைந்துவிடும். இங்கே எதிர்மறை கட்டாயமில்லை, ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இனத்தில் ஒரு துணை வேண்டும். ஒரு சொல் தெரியாமல் போனாலும் எதிரே நிற்கும் சொல் அது என்ன வகை என்று காட்டிக்கொடுத்துவிடும். சொல் கற்பவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. பழைய சீனத்துப் பிள்ளைகளும் இப்படித்தான் கற்றார்கள். 'ஷெங்ல்யூ சிமெங்', 'லிவெங் துய்யுன்' ஆகிய பாலபாட நூல்கள் சொற்களை இணை இணையாக மனப்பாடம் செய்யவே எழுந்தவை.

பொருளோடு வேலை முடிவதில்லை. மாண்டரினின் நான்கு தொனிகளில் முதல் இரண்டும் 'பிங்', அதாவது சமம். மற்ற இரண்டும் 'ட்சே', சாய்வு. முதல் வரி சாய்வில் முடிய வேண்டும், இரண்டாவது சமத்தில். 'ல்யூ' நான்காம் தொனி, குரல் சரேலென்று கீழே இறங்கும். 'ஹோங்' இரண்டாம் தொனி, இறங்கிய குரல் அங்கே எழுந்து நிற்கும். நம் இணையில் முதல் வரி மூன்று சமம், இரண்டு சாய்வு. இரண்டாவது அப்படியே புரண்டு மூன்று சாய்வு, இரண்டு சமம். இங்கே கூர்ந்த காதுள்ளவர் ஒருவர் குறுக்கிடுவார்: 'ஃபூ' இரண்டாம் தொனியாயிற்றே, அது எப்படிச் சாய்வாகும்? பழைய உச்சரிப்பில் அது ககர ஒற்றில் வெடுக்கென்று முடிந்த சொல். அப்படி முடிபவை எல்லாம் சாய்வுக் கணக்கு. வடக்கே அந்த ஒற்று உதிர்ந்துவிட்டது. கான்டனீஸ் பேசுவோர் வாயில் இன்றும் அது 'ஃபுக்', 'ல்யூ'வும் 'லுக்'. அதனால்தான் பழைய யாப்பின் ஓசையை ஹாங்காங் காதுகள் பெய்ஜிங் காதுகளைவிடத் தெளிவாகப் பிடிக்கின்றன.

தொனி தெரிந்தால் ஒட்டுவதற்கும் பயன்படும். கதவைப் பார்த்து நிற்கும்போது முதல் வரி வலப்பக்கம், இரண்டாவது இடப்பக்கம். பழைய எழுத்து வலமிருந்து இடமாகப் போனதால் வந்த வழக்கம் இது. கடைசிச் சொல் மூன்றாம் அல்லது நான்காம் தொனியானால் அந்தத் தாள் பெரும்பாலும் வலப்பக்கத்துக்குரியது. மேலே உள்ள குறுக்குத் தாள் புதுமுறைப்படி இடமிருந்து வலமாக எழுதப்பட்டிருந்தால் பக்கமும் மாறும்.

தாளுக்கு முன் இருந்தது மரம். ஷென்ஷூ, யூலூ என்ற இரு காவல் தெய்வங்களின் பெயரைப் பீச் மரப் பலகைகளில் எழுதி வாசலில் மாட்டுவார்கள். அந்தப் பலகையில் இணைவரி ஏறிய கதையைப் பின்ஷூ நாட்டு அரசன் மெங் சாங்கோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். 964 ஆம் ஆண்டின் முடிவில், புலவர் எழுதிக் கொடுத்தது பிடிக்காமல் அவனே எழுதினானாம். சில வாரங்களில் சோங் படை அவன் நாட்டைப் பிடித்தது. அங்கே சோங் அரசு அனுப்பிய அதிகாரியின் பெயர் முதல் வரியிலும், சோங் பேரரசரின் பிறந்தநாள் விழாவின் பெயர் இரண்டாம் வரியிலும் ஏற்கெனவே இருந்தன என்று பிற்காலத்தார் சிலிர்ப்போடு எழுதிவைத்தார்கள். நான்ஜிங்கில் வீட்டுக்கு வீடு இதை ஒட்டச் சொன்னவர் மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங் என்பது இன்னொரு வழக்கு. மாறுவேடத்தில் உலா வந்தவர், பன்றிக்குக் காயடிப்பவர் வீட்டு வாசல் மட்டும் வெறுமையாக இருக்கக் கண்டு, தொழிலின் பெயரே வராமல் தொழிலைச் சொல்லும் ஓர் இணையைத் தாமே எழுதிக் கொடுத்தாராம். நடந்ததோ இல்லையோ, இந்தக் கலை யாருக்கு உரியது என்பதில் அந்தக் கதைக்கு ஐயமே இல்லை.

சிவப்புத்தான் எங்கும் என்று எண்ண வேண்டாம். சிங் வம்ச அரண்மனையில் மஞ்சு வழக்கப்படி வெள்ளைப் பட்டில் எழுதினார்கள். சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு சிவப்பை விலக்கும் ஊர்கள் பல.

புத்தாண்டுக்கு முந்தைய நாட்களில் சந்தைகளில் மேசை போட்டு எழுதித் தருவார்கள். பொற்பொடி தூவிய சிவப்புத் தாளை ஐந்தாகவோ ஏழாகவோ மடித்துப் பிரித்தால் கட்டம் விழும், கட்டத்துக்கு ஓர் எழுத்து. கை எப்படிப்பட்டது என்றறிய 'சுன்' என்ற ஓர் எழுத்தே போதும். மூன்று படுக்கைக் கோடுகள், அவற்றை ஊடுருவி இடப்புறம் இறங்கும் ஒரு வீச்சு, வலப்புறம் இன்னொன்று, இரண்டின் நிழலில் சூரியனைக் குறிக்கும் சிறு பெட்டி. வலப்புற வீச்சைக் கவனியுங்கள். மெலிதாகத் தொடங்கி, போகப் போக அழுந்தி, பாதம் ஊன்றியதும் தூரிகை மெல்ல விலக வேண்டும். நல்ல கை எழுதியதில் அந்தப் பாதத்தில் மை தேங்கிக் கறுத்திருக்கும். பொன் மை பளபளப்பில் இதை மறைத்துவிடும், அதனால் என் ஓட்டு கறுப்பு மைக்கே. வங்கிகளும் கடைகளும் இலவசமாகத் தரும் அச்சுத் தாளிலோ கோடு முழுக்க ஒரே அழுத்தம். வாசலுக்கு அது நிறம் தரும், அவ்வளவுதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அடுக்குமாடிகளில் வாழும் தமிழர்கள் எதிர்வீட்டுக் கதவிலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் இணைக்கு இன்னும் குறுக்குத் தாளுக்கான மேல்வரி வைக்கவில்லை. நான்கு எழுத்து, இரு வரியையும் முடிச்சுப் போட வேண்டும், கீழே வந்த எழுத்து மேலே திரும்பக் கூடாது. எல்லாம் புதிதாகின்றன என்று சொல்லும் 'வான் சியாங் கெங் சின்' முதலில் நாவுக்கு வரும். ஆனால் பத்தாயிரம் என்ற 'வான்' கீழே வந்துவிட்டது. வசந்தத்தையும் நற்பேற்றையும் வரவேற்கும் 'யிங் சுன் ஜியே ஃபூ'வில் இரண்டு எழுத்துகள் இடிக்கின்றன. 'பூ தியென் தோங் சிங்', வானின் கீழ் எல்லோரும் சேர்ந்து கொண்டாடுகிறார்கள் என்பது, பொருந்துகிறது. அதையே ஒட்டலாம்.