ரோம் நகரத்துக் குறிகாரியும் வேப்பந்தட்டைக் கயிறும்

ஞாயிறு மாலைகளில் வேப்பந்தட்டையில் நாம் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். கூடுமிடம் மன்றமுமன்று, மாளிகையுமன்று. நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடி. வருவோரில் ஆசிரியர் உண்டு. மருந்துக்கடையில் பணிபுரிவோர் உண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. பேசும் பொருள் ஒன்றே ஒன்று — படம்! எத்தகைய படம்? இத்தாலியப் படம், ஈரானியப் படம், கொரியப் படம். தமிழிலும், பாட்டையும் கூத்தையும் சண்டையையும் நம்பாது, வாழ்வை நம்பி எடுக்கப்பட்ட படங்கள். சுவரிலே வெள்ளைத் துணி, எதிரே சிறு ஒளிக்கருவி, வானமே கூரை.

மகிழத்தக்க காட்சிதான். நடிகரின் உருவத்துக்குப் பாற்குடம் கவிழ்க்கும் நாட்டில், நாலு இளைஞர் கூடி, கண்ட படத்தைக் குறித்துக் கருத்துரைப்பது வளர்ச்சியன்றோ? வளர்ச்சிதான், ஐயமில்லை. ஆயினும் அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சி, அந்த வளர்ச்சி எதுவரை என்ற கேள்வியை நம் நெஞ்சில் ஆணியாய் அறைந்துவிட்டது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒன்று. படம் பார்த்துப் பேசுவது வெட்டிவேலை என்போரின் கட்சியல்ல நாம். 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ரேயும் அவர்தம் நண்பர்களும் திரைப்படக் கழகம் அமைத்தனர். உலகப் படங்களைத் தேடிப் பார்த்தனர், பேசினர். 1950இல் இலண்டன் சென்ற ரே, இத்தாலிய இயக்குநர் டிசிக்கா 1948இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தைக் கண்டார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' பிறந்தது! அவ்வளவு தூரம் போவானேன்? மதுரை மண்ணின் பி. எஸ். வினோத்ராஜ், திருப்பூர் ஆலையில் உழைத்த சிறுவன்; பின்னர்ச் சென்னையில் டி.வி.டி. கடையில் வேலை பார்த்தவர். விற்பனைக்கு வைத்த உலகப் படங்களே அவருக்குப் பள்ளிக்கூடம். அவர் எடுத்த 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் விழாவில் புலி விருதைப் பெற்றது. பார்வை பேச்சாகி, பேச்சு படைப்பாகும் என்பதற்கு இவை சான்று. எனவே பேச்சைப் பழிக்கவில்லை நாம்; பேச்சு எங்கே நின்றுவிடுகிறது என்றே கேட்கிறோம்.

நம் மாடியில் பேச்சு எங்கே நிற்கிறது? மதிப்பெண்ணில்! படம் முடிந்ததும் மதிப்பெண் வழங்கும் படலம் தொடங்கும். "பத்துக்கு எட்டு" என்பார் ஒருவர். "எட்டா? ஒன்பதுக்குக் குறையாது" என்பார் மற்றவர். ஒளிப்பதிவு ஓர் அதிசயம் என்பார். வெட்டாமல் நீளும் காட்சியை வியப்பார். இயக்குநரின் பெயரை மந்திரம்போல் மும்முறை உச்சரிப்பார். நேற்றுவரை நடிகரின் பெயரைச் சொல்லி நடந்த அதே வழிபாடு! தெய்வம் மாறிற்று, பூசை மாறவில்லை.

நாம் விடைத்தாள் திருத்துபவர். மதிப்பெண்ணின் இயல்பை அறிவோம். விடையைப் படியாமல் கையெழுத்தின் அழகைக் கண்டு மதிப்பெண் இடும் ஆசிரியரை எந்த மாணவனும் மதியான். ஒளியும் ஒலியும் படத்தின் கையெழுத்து. கையெழுத்துத் தெளிவாக இருந்தால்தான் விடை விளங்கும், உண்மை. ஆனால் கையெழுத்தே விடையாகிவிடுமா?

'சைக்கிள் திருடர்கள்' படத்தையே எடுத்துக்கொள்வோம். போர் முடிந்த ரோம் நகரம், வேலையில்லாக் கொடுமை. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது அந்தோனியோவுக்கு. சைக்கிள் வேண்டும் என்பது கட்டளை. அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க, வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள் மனைவி. முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. மகன் புரூனோவுடன் நகரெங்கும் அலைகிறான் தந்தை. அந்தோனியோவாக நடித்தவர் தொழில்முறை நடிகரல்லர், ஆலைத் தொழிலாளி. இவை யாவும் நம் நண்பர்கள் நன்கறிந்தவை, விரிவாகப் பேசினர்.

அவர்கள் பேசாத காட்சி ஒன்றுண்டு. அந்த ஊரிலே ஒரு குறிகாரி இருக்கிறாள். கணவனுக்கு வேலை கிடைக்கும் என்று அவள் முன்னரே சொன்னாளாம். அதற்காக அவளுக்குப் பணம் தரப் போகிறாள் மனைவி. பகுத்தறிவாளன்போல் எள்ளி நகையாடுகிறான் அந்தோனியோ. அதே அந்தோனியோ, சைக்கிள் தொலைந்து, வழியெல்லாம் அடைபட்ட வேளையில், மகனையும் இழுத்துக்கொண்டு அதே குறிகாரியின் வாயிலில் நிற்கிறான்! அவள் சொன்னதென்ன? இப்போதே கிடைக்கும், இல்லையேல் கிடைக்கவே கிடைக்காது என்பதே. பொய்த்துப்போக இடமே இல்லாத குறி! வெளியே வந்தவுடன் திருடன் கண்ணில் படுகிறான். சைக்கிளோ கடைசிவரை கிடைப்பதில்லை. டிசிக்கா ஒரு சொல்லும் சொற்பொழிவாற்றவில்லை. வறுமை, மனிதனின் கைப்பொருளைப் பறித்த பின் அறிவையும் பறிக்கிறது என்பதைக் காட்டிவிட்டு நகர்கிறார். அதுவன்றோ விடை! அதற்கு எத்தனை மதிப்பெண் இட்டோம்?

1952 சனவரியில் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் உலகப் பட விழா, சென்னைக்கும் வந்தது. அந்த விழாவின் படங்களுள் ஒன்று 'சைக்கிள் திருடர்கள்'. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது 'பராசக்தி'. அங்கே குறிகாரியின் வாயில். இங்கே கோயிலுக்குள் பெண்ணிடம் முறைகேடாக நடக்க முனையும் பூசாரி. ஒன்று அடங்கிய குரல், மற்றொன்று முழக்கம். இரண்டும் கேட்ட கேள்வியோ, ஏமாறுபவன் ஏன் ஏமாறுகிறான் என்ற ஒரே கேள்வி.

எழுபது ஆண்டு கடந்து அந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பியது வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி'. 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் காட்டப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. வேற்றுச் சாதி இளைஞனை விரும்பிவிட்டாள் மீனா. வீட்டார் சொல்வது, அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று. பேய் ஓட்டும் சாமியாரிடம் அவளை ஆட்டோவில் ஏற்றிச் செல்கின்றனர். பலிக்கு ஒரு சேவல். வழியில் ஒரு காளை மறிக்கிறது. ஆண்கள் கூட்டம் அஞ்சி நிற்க, ஒரு சிறுமி அதனை ஓட்டிச் செல்கிறாள். படத்தில் பின்னணி இசை இல்லை. ஏன் இல்லை? மீனா பெரும்பாலும் பேசுவதில்லை, அவளது மௌனம் நம் காதில் விழவேண்டும் என்பதற்காகவே இசை வாய்மூடி நிற்கிறது. கையெழுத்தும் விடையும் ஒன்றாகும் இடம் இது!

நம் மாடியில் இப்படத்தைப் பார்த்தோம். ஒரு நண்பர் — நம் கூட்டத்தில் மிகுதியாகப் படம் பார்த்தவர், மிகுதியாகப் பேசுபவர் — "ஒன்பது" என்றார். "முடிவு இருந்திருந்தால் பத்து" என்றும் சேர்த்துக்கொண்டார். சாமியாரின் செயலைக் கண்முன் கண்ட ஆண், அடுத்து என்ன செய்வான் என்பதைச் சொல்லாமலே படம் முடிகிறது. அதுவே அவருக்குக் குறை.

மூன்று நாள் கழிந்தது. நம் வகுப்பில், பன்னிரண்டாம் வகுப்பில், ஒரு மாணவி இரு நாள் விடுப்புக்குப் பின் வந்தாள். நன்கு படிப்பவள், கேள்வி கேட்பவள், சில கிழமைகளாகவே வாய் திறவாதிருந்தவள். வருகைப் பதிவின்போது கையை உயர்த்தினாள். மணிக்கட்டிலே புதிய கறுப்புக் கயிறு. மந்திரித்துக் கட்டியதாம். கேட்டபின் தெரிந்தது கதை. பன்னிரண்டோடு படிப்பு போதும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டனர். அவள் அழவில்லை, சண்டையிடவில்லை. பேச்சை நிறுத்தினாள், உணவைக் குறைத்தாள். பெண் பேசாவிட்டால் வீட்டுக்கு என்ன பொருள்? காத்துக் கருப்பு! குறி சொல்லும் இடத்துக்கு அழைத்துச் சென்றனர். வண்டியில் அழைத்துச் சென்றவர் யார்? அவளுடைய அண்ணன். அண்ணன் யார்? "ஒன்பது" என்றாரே, அந்த நண்பர்!

மாலையில் அவரைக் கண்டோம். தலைகுனிந்து சொன்னார்: "எனக்கு நம்பிக்கை கிடையாது வாத்தியாரே. அம்மா மனசுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான்." அந்தோனியோவும் நம்பவில்லை. போனான் அல்லவா?

நண்பரை மட்டும் கூண்டிலேற்ற நமக்கு உரிமையில்லை. அந்தப் பெண் வாரக்கணக்கில் வாய் மூடியிருந்ததை நாள்தோறும் கண்டவர் யார்? நாம். வருகைப் பதிவேட்டில் அடையாளமிட்டுவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியவர் யார்? நாமே. வெள்ளைத் துணியில் மீனாவின் மௌனத்தைக் கேட்டு உருகிய காது, முதல் வரிசைப் பலகையில் அமர்ந்திருந்த மௌனத்தைக் கேட்கவில்லை. கூழாங்கல்லின் கதைக்கு வித்து எது? கணவன் விரட்ட, பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து வந்த உடன்பிறந்தாளின் துயரம் என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். அவர் தம் வீட்டில் கண்டதை உலகுக்குக் காட்டினார். நாமோ உலகம் காட்டியதை நம் வீட்டில் காணத் தவறினோம்!

எனவே தோழர்களே, படம் பாருங்கள். அயல்நாட்டுப் படம் பாருங்கள். ஒளியையும் ஒலியையும் ஓராயிரம் முறை வியந்து பேசுங்கள். ஆனால் மதிப்பெண் இடுமுன் கேள்வி ஒன்றைக் கேளுங்கள். இந்தப் படத்தின் குறிகாரி நம் தெருவில் எங்கே குடியிருக்கிறாள்? இந்தப் பெண் நம் வீட்டில் எந்த அறையில் இருக்கிறாள்? விடை கிடைக்குமாயின் அந்த விமர்சனம் விமர்சனம். கிடைக்காவிடில் அது வெறும் அரட்டை.

சென்ற ஞாயிறு நண்பர் மாடிக்கு வந்தார். அன்று அவர் எந்தப் படத்தைப் பற்றியும் பேசவில்லை. கூட்டம் கலைந்தபின் நம்மிடம் மெல்லக் கேட்டார்: "அப்பாகிட்ட நான் பேசப் போறேன் வாத்தியாரே. தங்கச்சி கல்லூரி விஷயமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மதிப்பாரு. கூட வரீங்களா?"

நாளை மாலை போகிறோம். அந்தத் தந்தை இசைவாரா, எழுந்து போகச் சொல்வாரா, அறியோம். படத்துக்கு முடிவில்லை என்று குறைபட்டாரே நண்பர்; முடிவு எழுதும் வேலை அவர் கைக்கே வந்துவிட்டது. நம் கைக்கும்!