படம் போடுகிறவர் எழுதிய கடிதம்

வான்கோ என்றதும் காதை அறுத்துக்கொண்ட கதைதான் முதலில் வரும். படைப்பு என்பது யோசனையில்லாமல் கையில் இறங்கும் சன்னதம் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கதையாடல் ரொம்ப வசதி. ஓவியச் சந்தைக்கும் வசதி. இதைக் கட்டுடைக்க அவருடைய கடிதங்களே போதும்.

800க்கும் மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு. 1888 அக்டோபரில் ஆர்ல் நகரிலிருந்து, தன் படுக்கையறைப் படத்துக்கான திட்டத்தை மசியில் வரைந்து அனுப்புகிறார். மசியில் வண்ணம் வராதே! அதனால் எழுதுகிறார்: சுவர் வெளிர் ஊதா, தரை சிவப்பு, கட்டில் வெண்ணெய் மஞ்சள், கதவுகள் இளம் ஊதா. நிழல் வேண்டாம்; வண்ணமே ஓய்வை உணர்த்த வேண்டும். இது பித்தின் பேச்சா? எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது, எதை விட்டுவிடுவது என்று கணக்குப் போடும் தொழிலாளியின் பேச்சு.

இன்று ஆம்ஸ்டர்டாமில் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சுவர் நீலமாகத்தான் தெரியும். ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. வண்ணம் போன பிறகும் வண்ணத்தின் பெயர் கடிதத்தில் நின்றது. பிற்கால ஆய்வுகளும் அதை உறுதி செய்தன.

அதற்காகச் சொல்லை எசமானாக்க வேண்டியதில்லை. எந்த ஊதா என்று சொல்லால் காட்ட முடியாது. அதற்குத் தூரிகைதான் வேண்டும். ஒன்று நிற்குமிடத்தில் இன்னொன்று தொடங்குகிறது. கண்ணுக்கு மை எழுதுவது, சித்திரம் எழுதுவது என்று சொல்லிவந்த தமிழுக்கு இது புதுசில்லை.

ஆனால் நம் நடைமுறை என்ன? எழுதுகிறவன் சிந்தனையாளன், வரைகிறவன் கைவேலைக்காரன். மூளை உழைப்பு மேல், கை உழைப்பு கீழ் என்ற அதே பழைய சாதியப் பிரிவினை. இதை எதிர்த்துப் பக்கம் பக்கமாக எழுதும் நாமே, கதையை முடித்துவிட்டு ‘கொஞ்சம் இடம் இருக்கு, ஒரு கோட்டோவியம் குடுங்க’ என்று ஓவியரிடம் போய் நிற்கிறோம். அவர் ஓரத்தில் கிறுக்கிவைத்த குறிப்புகளை யார் கேட்டோம்?

வான்கோவின் கடிதங்கள் தாமாகத் தப்பிப் பிழைக்கவில்லை. தியோ இறந்த பிறகு அவர் மனைவி யோ அவற்றைக் காத்து, 1914இல் அச்சேற்றினார். அடுத்த இதழுக்கு அட்டைப்படம் கேட்கப் போகும்போது ஓவியரின் நோட்டையும் கேட்டு வாங்குவோம். படத்துக்கு விளக்கமாகப் போடுவதற்கல்ல. அதுவும் ஒரு பிரதி என்பதற்காக.