ஆண்டிறுதியில் ஒரு தாயின் சாட்சி: ஒரு திறனாய்வு

டிசம்பர் 31ஆம் நாள் இரவு நம் ஆலயங்களில் நடைபெறும் ஆண்டிறுதி ஆராதனையிலும், அதனையொட்டி வரும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும், பெண்கள் ஐக்கியக் கூடுகைகளிலும் சாட்சி பகரும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. அச்சாட்சிகளுள் பெரும்பாலானவை குடும்பத்தைப் பற்றியவை. அவற்றைக் கூறுவோர் பெரும்பாலும் தாய்மார். கடந்துபோன ஓராண்டில் தம் இல்லத்தில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்த்து, அவற்றால் தாம் கற்றுக்கொண்ட பாடத்தைச் சபையார் முன் அவர்கள் எடுத்துரைக்கின்றனர். அருளுரையையும் கீர்த்தனையையும் ஆராய்வதற்கு நம் இறையியல் கல்லூரிகளில் பாடவேளைகள் உண்டு. சாட்சியை அவ்வாறு ஆராய்வது நம்மிடையே வழக்கமன்று. ஆயினும், சபையில் ஒரு பெண் தன் வாழ்வைத் தானே பொருள்கொண்டு பேசும் வேளை இது. ஆதலின் அதனை ஓர் இறையியல் கூற்றாகவே ஏற்றுத் திறனாய்வு செய்வது தகும்.

இக்கட்டுரைக்கு நாம் மனத்திற் கொண்டிருப்பது விருத்தாசலம் போன்றதோர் ஊரின் சபையாகும். மணிமுத்தாற்றின் கரையிலமைந்த அவ்வூர், பழமலைநாதர் கோயிலாலும் இருப்புப்பாதைச் சந்திப்பாலும் அறியப்பட்டதுபோலவே பீங்கான் தொழிலாலும் அறியப்பட்டதாகும். பொம்மைகள், அகல்விளக்குகள், ஜாடிகள், மின்சாரச் சாதனங்களுக்குரிய பீங்கான் உறுப்புகள் ஆகியன அங்கே உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்குண்டு. அச்சு வார்க்கும் கூடங்களிலும் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் இடங்களிலும் பெண்கள் உழைக்கின்றனர். குயவன், களிமண், சூளை என்னும் திருமறைச் சொற்கள் அங்குள்ள தாய்மாருக்கு உவமைகள் மட்டுமல்ல, அன்றாடக் கைவேலையுமாகும். அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

1. சாட்சியின் வடிவம்

தாய்மாரின் ஆண்டிறுதிச் சாட்சிக்கு ஏறத்தாழ நிலையானதொரு வடிவம் அமைந்துவிட்டது. ‘இம்மட்டும்’ நடத்திவந்த தேவனுக்கு நன்றி சொல்லி அது தொடங்கும். பிள்ளைகளின் தேர்வு, கணவரின் வேலை, நோயினின்று பெற்ற சுகம், மகளின் திருமணம், வீட்டுக் கட்டடம் என நன்மைகள் வரிசையாக எண்ணப்படும். ஒரு துன்பம் குறிப்பிடப்படின், அது நீங்கிய செய்தியும் உடன் கூறப்படும். இறுதியில் ஒரு பாடமும் புத்தாண்டு வாக்குத்தத்தமும் இடம்பெறும். இவ்வடிவத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. நன்றியுணர்வு நம் மக்களின் விசுவாசத்திற்கு உயிர்நாடியாகும். ஆயினும் அவ்வாண்டில் தீராத துன்பம் எதற்கும் இவ்வடிவத்தில் இடமில்லை என்பது கருதத்தக்கது. குடியை விடாத கணவன், வீட்டை விட்டுப் போன மகன், அடைபடாத கடன், கல்லறைக்குப் போன குழந்தை ஆகியவை நிகழ்ந்த இல்லத்துத் தாய், அன்றிரவு பின்வரிசையில் மௌனமாய் அமர்ந்திருக்கிறாள். அல்லது எழுந்து நின்று, தன் ஆண்டின் பாதியை மட்டும் கூறி அமர்கிறாள்.

‘இம்மட்டும்’ என்னும் சொல் பிறந்த இடத்தையே நோக்குக. சாமுவேல் எபிநேசர் என்னும் கல்லை நாட்டியது 1 சாமுவேல் 7:12இல் காணப்படுகிறது. அப்பெயர் நூலில் வருவது அங்கே முதன்முறையன்று. 4ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடத்தின் பெயரும் எபிநேசரே. அந்தப் போரில் அவர்கள் முறியடிக்கப்பட்டனர். உடன்படிக்கைப் பெட்டியும் பிடிபட்டது. அச்செய்தி கேட்டுப் பிரசவ வேதனையுற்ற ஏலியின் மருமகள், தன் மகனுக்கு இக்கபோத் எனப் பெயரிட்டு உயிர்நீத்தாள். மகன் பிறந்தான் என்று அருகில் நின்ற பெண்கள் தேற்றியும் அவள் மறுமொழி கூறவில்லை என நூலாசிரியர் குறிக்கிறார். பின்னர் இஸ்ரவேல் முழுவதும் புலம்பியதை 7:2 உரைக்கிறது. ஆகவே, எபிநேசர் என்னும் கல்லின் அடியில் தேற்றரவு பெறாத ஒரு தாயின் மரணம் கிடக்கிறது. ஆண்டிறுதியில் அவ்வசனத்தைக் கையாளும் நாம் அதிகாரம் 4ஐ விட்டு 7ஐ மட்டும் வாசிப்பது வேதத்திற்கு உண்மையாயிருப்பதாகாது.

2. தாயின் கதையைச் சொல்வோர் யாவர்?

திருச்சபை வரலாற்றில் புகழ்பெற்ற தாய்மாரின் கதைகள் எவ்வாறு நம்மை வந்தடைந்தன? மோனிக்கா அம்மையார் கி.பி. 387இல் ஒஸ்தியாவில் மரித்தார். அவரது கண்ணீரை நாம் அறிவது மகன் அகுஸ்தீன் எழுதிய ‘அறிக்கைகள்’ வாயிலாகவே. அம்மையார் தாமே எழுதியதொன்றும் நம் கையில் இல்லை. மகன் மனந்திரும்பியபின் எழுதப்பட்ட கதையாதலால், அக்கண்ணீர் அனைத்தும் பயனை நோக்கிச் சென்றதாகவே அதிற் காணப்படுகிறது. மகன் திரும்பாதிருந்த ஆண்டுகளுள் ஒன்றின் முடிவில் மோனிக்கா சாட்சி கூறியிருப்பின் என்ன கூறியிருப்பார் என்பது சிந்தித்தற்குரியது. நம் சபைகளிலுள்ள தாய்மாருள் பலர் அத்தகைய ஆண்டின் முடிவிலேயே நிற்கின்றனர்.

நம் நாட்டுச் சான்று ஒன்றுண்டு. அகமத்நகரில் 1862இல் பிறந்து, சென்னைக்கு மருத்துவம் கற்க வந்து, சாமுவேல் சத்தியநாதனை மணந்த கிருபாபாய் சத்தியநாதன், ‘சகுணா’ என்னும் தன்வரலாற்றுப் புதினத்தை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1887-88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. அதில் அவர் தம் தாயின் கதையைக் கூறுகிறார். கணவர் கிறிஸ்தவராகியபோது அப்பிராமணப் பெண் அடைந்த அதிர்ச்சியையும் தயக்கத்தையும் கிருபாபாய் மறைக்கவில்லை. குடும்பத் தலைவர் ஞானஸ்நானம் பெற்ற நாளிலேயே வீட்டார் அனைவரும் மகிழ்ந்தனர் என்று எழுதும் ஊழிய அறிக்கைகளோடு ஒப்பிட, இந்நூலின் நேர்மை விளங்கும். ஆயினும் இங்கும் தாயின் கதையை எழுதியவர் மகளே. கிருபாபாய் தாமே தாயாகித் தம் குழந்தையை இழந்தார், 1894இல் மரித்தார். சகுணாவின் கதையோ திருமணத்தோடு நின்றுவிடுகிறது. தாய்மையும் அதன் இழப்பும் அந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டனவாயின.

கிருபாபாயின் மாமியார் அன்னா சத்தியநாதன், ‘நல்ல தாய்’ என்னும் நூலைத் தமிழிலேயே எழுதியவர். தாய்மாருக்குத் தாய் ஒருவரே எழுதியது பெருமைக்குரியது. எனினும் ஒரு தாய் எவ்வாறிருத்தல் வேண்டும் என்னும் போதனை வேறு. ஒரு தாய்க்கு ஓராண்டில் என்ன நேர்ந்தது என்னும் சாட்சி வேறு. முன்னதற்கு நம் அச்சகங்கள் என்றும் இடமளித்து வந்துள்ளன. பின்னதற்கு ஆண்டிறுதி இரவின் சில நிமிடங்களே உள்ளன.

தாமே எழுதிய தாயாகச் சூசன்னா வெஸ்லியைக் குறிப்பிடலாம். பிள்ளைகளை வளர்த்த முறையைத் தெரிவிக்குமாறு மகன் ஜான் கேட்டதற்கிணங்கி, 1732 ஜூலை 24இல் அவர் எழுதிய கடிதம், 1742இல் அவர் மரித்தபின் ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பில் இடம்பெற்றது. நம் குடும்ப ஞாயிறு அருளுரைகளில் அவரது வளர்ப்பு முறை எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. ஐந்து வயதில் எழுத்துக் கற்பித்தமை, ஒரே நாளில் பிள்ளைகள் பெரும்பாலார் எழுத்துகளை அறிந்தமை, நன்கு வாசிக்கக் கற்குமுன் பெண்பிள்ளைகளை வேலையில் ஈடுபடுத்தலாகாது என்னும் விதி ஆகியன அதிலுள்ளன. 1709இல் எப்வொர்த் குருமனை எரிந்தபின் பிள்ளைகள் பல வீடுகளுக்குச் சிதறியதால் ஒழுங்கு குலைந்ததையும் அவர் எழுதுகிறார். ஆனால், அக்கடிதத்திற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1725இல், அவர் மகள் மெஹெட்டபெல் காதலனுடன் வீட்டை விட்டுச் சென்று, ஏமாற்றப்பட்டுத் திரும்பி, மனமொவ்வாத ஒருவருக்கு மணம்செய்து கொடுக்கப்பட்டார். தந்தையின் மன்னிப்பு அவருக்குக் கிட்டவில்லை. விதிகளைக் கூறும் கடிதத்தில் அம்மகளின் துயரத்திற்கு இடமில்லை. இதனாற் சூசன்னாவின் பெருமை குறைவதாக நாம் கூறவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கே அவர் விடை எழுதினார். வெற்றி பெற்ற முறை யாது எனக் கேட்கும் சபைக்கு, முறை மட்டுமே விடையாகக் கிடைக்கும் என்பதே நாம் காட்ட விழைவது.

3. நகோமியின் கணக்கு

திருமறையில் ஒரு தாய் தன் கடந்த ஆண்டுகளைத் தானே கணக்கிட்டுத் தன் ஊரார் முன் கூறும் சாட்சியைத் தேடின், ரூத் 1:20-21ஐக் காட்டலாம். நகோமி தன் பெயரை மாரா என மாற்றிக்கொள்கிறாள். நிறைவுள்ளவளாய்ப் போய் வெறுமையாய்த் திரும்பினதாகக் கூறுகிறாள். தன்னைச் சிறுமைப்படுத்தியவர் கர்த்தரே என வெளிப்படையாய்ச் சொல்கிறாள். நம் ஆண்டிறுதிச் சாட்சியின் இலக்கணப்படி இது பிழையான சாட்சியாகும். நன்றி இல்லை, பாடம் இல்லை, வாக்குத்தத்தமும் இல்லை. மேலும், வெறுமையாய் வந்தேன் எனக் கூறுகையில் அவளருகே ரூத் நிற்கிறாள். அக்கணக்கிலும் ஒருவர் விடுபட்டுள்ளார்.

இதற்கு நூலாசிரியர் செய்வது யாது? அவர் நகோமியைக் கண்டிக்கவில்லை, திருத்தவுமில்லை. வாற்கோதுமை அறுப்புத் தொடங்கிய காலம் என்று மட்டும் குறித்துக் கதையைத் தொடர்கிறார். மறுமொழி 4ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அதைக் கூறுவோர் ஆசாரியரோ மூப்பரோ அல்லர். முதலில் அவள் புலம்பலைக் கேட்ட பெத்லகேம் ஊர்ப் பெண்களே. ஏழு குமாரரைப் பார்க்கிலும் அருமையான மருமகள் என்று, அவள் கணக்கில் விடுபட்ட பெயரை அவர்களே நினைவூட்டுகின்றனர். கசப்பைக் கேட்டுத் தாங்கிய சபையே பின்னர் ஆறுதலைச் சொல்லத் தகுதி பெறுகிறது. மேய்ப்புப்பணி பயிலும் மாணவர் இவ்வரிசையைக் கவனித்தல் வேண்டும்.

4. குயவனும் சூளையும்

ஆண்டிறுதிச் சாட்சிகளில் அடிக்கடி வரும் மற்றோர் உவமை குயவனுடையது. எரேமியா 18ஐச் சார்ந்து, தேவன் என்னைச் சூளையிலிட்டு அழகிய பாண்டமாக்கினார் எனக் கூறுவது வழக்கம். அவ்வதிகாரத்தை உற்று நோக்கின், அங்கே சூளை பேசப்படவில்லை. குயவன் கையில் கெட்டுப்போவது திரிகையின்மேல் உள்ள பச்சை மண். ஆதலால் அதனை மீண்டும் வேறு பாண்டமாக வனைய முடிகிறது. அடுத்த அதிகாரமாகிய 19இலோ தீர்க்கதரிசி வாங்கிச் சென்று உடைப்பது சுட்ட கலசம். அது திரும்பச் செப்பனிடப்படக் கூடாதது என 11ஆம் வசனம் தெளிவாக்குகிறது.

இவ்வேறுபாட்டைப் பீங்கான் ஊரின் தாய்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மை உடைந்தால், அதனை நீரிலிட்டு மீண்டும் குழம்பாக்கலாம். சூளையினின்று விரிசலோடு வெளிவந்ததை அவ்வாறு செய்ய இயலாது. சூளையிலிட்ட யாவும் நன்றாக வருவதில்லை என்பதும் அவளறிந்ததே. எரேமியா அவ்விரு அதிகாரங்களையும் இஸ்ரவேலின் பாவத்தையும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பேசினார். ஒரு தாயின் இழப்பைத் தண்டனையாகக் கொள்ள அவை இடந்தருவன அல்ல. நாம் கூறுவது இதுவே: மகனைப் புதைத்த தாயிடம் 18ஆம் அதிகாரத்தின் பச்சை மண்ணைக் காட்டி ஆறுதல் கூறும் அருளுரை, அவளுடைய கைவேலை அறிவுக்கே பொருந்தாததாகும்.

எனினும் அத்தொழிலிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. சுட்டு உடைந்த ஓடுகளை அரைத்துப் புதிய மண்ணோடு கலப்பது பீங்கான், மண்பாண்டத் தொழில்களில் உள்ள முறையாகும். அவ்வாறு கலந்த மண், காயும்போதும் சூட்டிலும் அதிகம் சுருங்காது, எளிதில் வெடிக்காது. உடைந்த பாண்டம் பழைய உருவைப் பெறுவதில்லை. ஆயினும் அடுத்த பாண்டத்துக்கு அது உறுதியாகிறது. பவுல் 2 கொரிந்தியர் 1:4இல், தாம் பெற்ற ஆறுதலால் பிறரையும் ஆறுதல் செய்வதைப் பற்றிப் பேசும்போது இக்கருத்தே நிற்கிறது. இழப்பைச் சபையில் கூறக் கேட்ட இளந்தாய், தனக்கு அது நேரும் நாளில் தனிமையாய் நொறுங்கமாட்டாள். இழப்பை மறைத்துக் கூறிய சாட்சி அவளுக்கு எவ்வகையிலும் உதவாது.

5. ஆயரின் பொறுப்பு

இவற்றால் பெறப்படுவன சில. ஆண்டிறுதி இரவில் சாட்சிக்கு அழைக்கும் ஆயர், நன்மைகளைக் கூறுங்கள் என்று மட்டும் அழைக்காமல், இவ்வாண்டில் தேவனிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவற்றையும் கூறுங்கள் என்று அழைப்பாராக. முடிவு பெறாத துயரத்தை ஒரு தாய் கூறி அமர்ந்தபின், அதற்கொரு பாடத்தை ஆயர் சேர்த்துரைக்க வேண்டியதில்லை. சற்று மௌனமும் ஒரு புலம்பற் சங்கீதத்தின் வாசிப்பும் போதும். சபைப் பத்திரிகைக்கு வரும் சாட்சிகளைத் திருத்துவோர் எழுத்துப்பிழையைத் திருத்துவாராக, கண்ணீரை நீக்காதிருப்பாராக. ஆறுதல் சொல்லும் உரிமையைப் பெத்லகேமிற்போல் சபைப் பெண்களிடமே விடுவது நன்று. குடும்பத்தின் இரகசியங்களைப் பொதுவில் கூறும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மரியாள் தன் இருதயத்தில் வைத்துச் சிந்தித்ததாக லூக்கா 2:19, 51 கூறுவதால், பேசாத தாயின் மௌனமும் விசுவாசமாகலாம். ஆனால் அம்மௌனம் அவள் தேர்ந்ததாயிருத்தல் வேண்டும். நம் வழக்கத்தால் அவள்மேல் சுமத்தப்பட்டதாயிருத்தலாகாது.

நாட்களை எண்ணும் அறிவை வேண்டும் 90ஆம் சங்கீதம், நல்ல நாட்களை மட்டும் எண்ணவில்லை. துன்பங்கண்ட வருஷங்களையும் 15ஆம் வசனத்தில் கணக்கிலே சேர்த்து, அவற்றுக்குத் தக்க மகிழ்ச்சியைத் தேவனிடமே கேட்கிறது. விருத்தாசலத்திலோ வேறெங்கோ, சூளை வேலை முடித்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயும் தன் முழு ஆண்டையும் அவ்வாறு எண்ணி உரைக்கலாம் என்பதை அவளறியச் செய்தல் ஆயரின் கடமையாகும். வரும் டிசம்பரில் ஆராதனை ஒழுங்கை ஆயத்தம் செய்வோர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.