கோடும் குடியிருப்பும்

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறுகிறவர் முதலில் வியப்பது தேயிலைத் தோட்டங்களின் ஒழுங்கைத்தான். ஒரே மட்டமாக வெட்டப்பட்ட செடிகளும், கொழுந்து பறிப்போர் நடந்து நடந்து உண்டான இடைவெளிகளும் மலைச்சரிவின்மேல் பெரியதொரு வரைபடமாக விரிந்து கிடக்கின்றன. இங்கு வந்திருந்த நண்பரொருவர் இக்காட்சியை அல்ஹம்ரா மாளிகைச் சுவரோடு ஒப்பிட்டு, “வடிவகணிதம் நம்முடைய கலையல்லவா!” என்றார். அந்தப் பெருமிதத்தைச் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

உருவம் தவிர்த்த நம் மரபு விண்மீன் கோலங்களையும் பலகோணங்களையும் வளர்த்தது. ஐரோப்பியர் அதையே 20ஆம் நூற்றாண்டில் நவீன ஓவியம் என்றனர். ஆகவே அரூப ஓவியம் நமக்குப் புதிதன்று என்னும் வாதம் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பதுதான். இதில் பாதி உண்மை உண்டு. பத்தாம் நூற்றாண்டின் கணித அறிஞர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி கைவினைஞர்களுக்கென்றே வடிவகணித நூலொன்றை இயற்றினார். இஸ்ஃபஹானில் 1453ஆம் ஆண்டைச் சேர்ந்த தர்பே இமாம் கட்டடத்தின் ஓட்டுக்கோலங்கள், அண்மைக்காலக் கணிதம் கண்டறிந்த ‘மீளாத ஒழுங்கு’ அமைப்பை நெருங்குபவை என்று 2007இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் ஆகியோரின் ஆய்வு காட்டியது.

மறுபாதிதான் சிக்கலானது. 1915இல் ரஷ்ய ஓவியர் மலேவிச் தம் ‘கறுப்புச் சதுர’த்தை, அந்நாட்டு வீடுகளில் புனிதப் படங்கள் வைக்கப்படும் மூலையில் மாட்டினார். அச்சதுரம் தன் சமயப் பின்னணியோடு வழக்காடிப் பிறந்தது. பாரசீக ஓட்டிலிருந்து வந்ததன்று. நம் மரபேயும் ஒற்றைப் பாறையன்று. தோப்காபி அரண்மனைச் சுருளின் 114 கோலங்களை ஆராய்ந்து 1995இல் நூல் வெளியிட்ட குல்ரு நெஜிபோலு, இக்கோலங்கள் குறிப்பிட்ட காலங்களில், குறிப்பிட்ட நகரங்களில், அரசியல் காரணங்களோடும் பரவியவை என்று நிறுவினார். ‘இஸ்லாமிய மனம்’ என்றொன்று தானாகவே கோணங்களை ஈன்றுவிடவில்லை.

இந்திய ஓவியத்தில் இக்குழப்பம் வேறொரு வடிவில் நிகழ்ந்தது. 1960களிலும் 70களிலும் இங்கே வட்டமும் முக்கோணமும் வரையப்பட்டால் விமர்சகர்கள் அதைத் தாந்திரிகம் என்றனர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்து, 1966இல் சோழமண்டலம் கலைக்கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் தம் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்களையொத்த வடிவங்களைக் கையாண்டார். ‘பிந்து’வை வாழ்நாள் கருப்பொருளாக்கிய எஸ்.எச். ரஸா ஒரு முஸ்லிம். காஷ்மீர சைவத்தின் குறியீடுகளை வரைந்த ஜி.ஆர். சந்தோஷின் இயற்பெயர் குலாம் ரசூல். மனைவியின் பெயரைத் தம் பெயராக ஏற்றவர் அவர். ஓவியரின் பிறப்பைக் கொண்டு அவருடைய கோட்டிற்கு மதம் கற்பிக்க இயலாது என்பதற்கு இவ்விருவரே போதும்.

நஸ்ரீன் முஹம்மதியை அணுகும்போது இந்த எச்சரிக்கை நமக்கு வேண்டும். கராச்சியில் 1937இல் பிறந்து மும்பையில் வளர்ந்த அவர், இலண்டனிலும் பாரிஸிலும் பயின்று, 1972 முதல் 1990இல் மறையும்வரை பரோடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தார். அவர் முதிர்ந்த காலத்தில் வரைந்தவை பெரும்பாலும் சிறிய தாள்களே. கட்டடக்கலைஞரின் கருவிகளைக் கொண்டு, மையாலும் பென்சிலாலும் இழுக்கப்பட்ட கோடுகள், வண்ணமில்லை, தலைப்பில்லை. 2016 மார்ச்சில் நியூயார்க்கின் மெட் பிரூயர் அருங்காட்சியகம் அவருடைய கண்காட்சியோடு திறக்கப்பட்டபோது உலகம் அவரைக் கண்டுகொண்டது. மேற்கத்திய விமர்சகர் பலர் அவரை அமெரிக்க ஓவியர் அக்னஸ் மார்ட்டினின் உடன்பிறப்பாக்கினர். நம்மவரோ அவரை இஸ்லாமியக் கலையின் வாரிசாக்க விரும்புவர்.

படங்களை உற்றுநோக்கினால் இரண்டாவது உரிமைகோரலும் தளர்கிறது. மரபுக்கோலத்திற்கு மையம் உண்டு. ஒரு புள்ளியிலிருந்து விண்மீன் விரியும்; அது மீண்டும் மீண்டும் வந்து, சட்டத்திற்கு அப்பாலும் தான் தொடர்வதாக நமக்கு உறுதியளிக்கும். நஸ்ரீனின் தாளில் மையமில்லை. சாய்கோடுகள் நெருங்கி வந்து, மெலிந்து, எதையும் தொடாமல் வெளியில் நின்றுவிடுகின்றன. அவருடைய ஒளிப்படங்களில் ஃபதேபூர் சிக்ரியின் முற்றமும் உண்டு. கடற்கரை மணலும், சாலைக்குறிகளும், தறியில் பூட்டிய பாவு நூல்களும் உண்டு. கொங்கு நாட்டு வாசகருக்குப் பாவு நூலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஊடு இழை குறுக்கே பாயுமுன், விறைத்து நிற்கும் அந்த நூல்களின் இழுவிசையே நஸ்ரீனின் கோட்டிலும் இருக்கிறது. மரபோடு அவருக்குள்ள உறவு ஒழுக்கத்தில் இருக்கிறதேயன்றி வடிவத்தில் இல்லை. உடலசைவைக் குலைக்கும் நோய் பற்றிய பின்னரும் அவருடைய கோடு நடுங்கவில்லை என்பதை நினைத்தால் அவ்வொழுக்கத்தின் விலை விளங்கும்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இந்தத் தூய வெளியில் குடியிருப்பவர் யார்? வால்பாறையில் வாழ்கிறவனால் இக்கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. இத்தோட்டங்களின் ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டை அழித்துத் தொடங்கப்பட்டது. சமவெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைத் தொழிலாளரின் உழைப்பால் நிலைபெற்றது. அவர்களை வரிசையாகக் கட்டிய சிற்றறைகளில் குடியமர்த்தினர். அக்குடியிருப்புக்கு இங்கே வழங்கும் பெயர் ‘லைன்’. கோடு என்னும் ஆங்கிலச் சொல்லே ஏழையின் வீட்டிற்குப் பெயராயிற்று. மேலே காட்சிமுனையில் நிற்பவருக்குக் கம்பளமாகத் தெரிவது, லைன் வீட்டின் வாசலில் நிற்பவருக்கு அன்றைய கூலிக்கான நிறை. ஒழுங்கு தன்னளவில் புனிதமானதன்று; யார் வரைந்தது, எங்கிருந்து பார்ப்பது என்பவற்றையும் கேட்டாக வேண்டும்.

இக்கேள்விக்குத் தம் கலையால் முகங்கொடுத்தவர் ஸரீனா ஹாஷ்மி. அவரும் 1937இல் பிறந்தவரே, ஊர் அலிகர். அங்குள்ள முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பெற்றோர் கராச்சிக்குக் குடிபெயர்ந்தனர். பிறந்த வீடு நினைவாயிற்று. 1999இல் அவர் உருவாக்கிய ‘வீடு ஓர் அயல்நிலம்’ என்னும் தொகுப்பு 36 மரச்செதுக்கு அச்சுகளைக் கொண்டது. ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல். அதனுடன் சில கறுப்புக் கோடுகள். வீடு, வாசற்படி, சுவர், எல்லை எனச் சொற்கள் செல்கின்றன. கணித மாணவியின் கோடு இங்கே வீட்டின் தரைப்படமாகிறது.

2001இல் அவர் செய்த ‘பிரிக்கும் கோடு’ இந்திய–பாகிஸ்தான் எல்லையை மட்டும் காட்டும் அச்சு. மரச்செதுக்கு முறையில், தாளில் கறுப்பாக விழவேண்டிய கோட்டை வெட்டாமல் விட்டு, சுற்றியுள்ள மரத்தையெல்லாம் செதுக்கி நீக்க வேண்டும். இருபுறமும் உள்ள நிலம் உளியால் அகழ்ந்தெடுக்கப்பட, கோடு மட்டும் எஞ்சுகிறது. பிரிவினையைப் பற்றி இதைவிடச் சுருக்கமான கூற்றை நான் கண்டதில்லை. அது நேர்கோடும் அன்று. காயத்தின் தையல்போல் கோணிச் செல்கிறது. ஸரீனா 2020இல் இலண்டனில் காலமானார்.

தமிழில் ‘கோடு’ என்பதற்கு வரை என்ற பொருளோடு மலைமுடி என்றும் பொருள் உண்டு. திருச்செங்கோடு நமக்கு அண்மைச் சான்று. கோடுதல் என்றால் வளைதல். வளைவும் மலையும் நேர்மையும் ஒரே சொல்லில் அடங்கிய மொழியில் வாழும் நாம், இவ்விரு ஓவியரையும் ஒருங்கே புரிந்துகொள்ளத் தகுதியுடையவர்களே. ஆயினும் புரிந்துகொள்ள முயலவில்லை. நம்மிடையே கலை விவாதம் உருவப்படம் ஆகுமா, ஆகாதா என்னும் ஃபிக்ஹுக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. ஐயத்திற்கு இடமின்றி ஆகுமான கோட்டைக்கூட நாம் உற்றுப் பார்ப்பதில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தமிழகச் சிற்பியர் கல்லில் செதுக்கிய பள்ளிவாசல் தூண்களின் அழகைக் கற்காமலே, புதிய பள்ளிகளின் சுவரில் அச்சிட்ட விண்மீன் ஓடுகளைப் பதித்து, மரபைக் காத்துவிட்டதாக நிறைவடைகிறோம்.

தொழுகைக்கு முன் இமாம் திரும்பி நோக்கி, சஃப்பை நேராக்கச் சொல்கிறார். அந்தக் கோட்டின் பொருள் தரைவிரிப்பில் இல்லை. தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்களிடம் இருக்கிறது. எஸ்டேட் முதலாளியும் கொழுந்து எடுப்பவரும் அதில் அருகருகே நிற்கலாம். கோட்டைப் பற்றி நம் மரபு கற்பித்த இப்பாடத்தோடு நஸ்ரீனையும் ஸரீனாவையும் பார்க்கத் தொடங்குவோம். அதன் பிறகு, வடிவகணிதம் நம் கலை என்று சொல்ல நமக்குச் சிறிது உரிமை கிடைக்கலாம்.