ஒரு கட்டைக்கு இறங்கும் பிடில்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அங்கிருந்து திருவனந்தபுரம் சாலையில் போனால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, இந்த இரண்டு ஊர்களும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் இந்த எல்லைப் பகுதி, கர்நாடக இசைக்கு இரண்டு பெரிய குரல்களைக் கொடுத்தது. ஒருவர் 1924இல் பிறந்த பாறசாலை பொன்னம்மாள். மற்றவர் 1940இல் பிறந்த நெய்யாற்றின்கரை வாசுதேவன். ஒன்று பெண் குரல், மற்றது ஆண் குரல். குரலைப் பின்தொடரும் வாத்தியம் இருவருக்கும் ஒன்றுதான்: பிடில்.

அந்தப் பிடிலுக்கும் இவ்வூர்கள் இருந்த திருவிதாங்கூருக்கும் பழைய உறவு உண்டு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த அந்த வாத்தியத்தை நம்மவர்கள் இரண்டே மாற்றங்களில் சொந்தமாக்கிக்கொண்டார்கள். தாடைக்கடியில் இடுக்கி நின்று வாசிப்பதை விட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கணுக்கால்மேல் தாங்கினார்கள். ஐந்தைந்து சுரமாக ஏறும் தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்தார்கள். கமகத்துக்காக இடக்கை தந்தி முழுவதும் வழுக்கி ஓட வேண்டும். தாங்கும் பாரம் அந்தக் கைக்கு இல்லாததால்தான் அது ஓடுகிறது. இதைவிடப் பொருத்தமான தழுவல் நம் இசையில் வேறெதுவும் இல்லை.

சிக்கல் சுருதியில் இருக்கிறது. பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை (மேற்கத்திய G சுருதியை) ஒட்டிப் பாடுகிறார்கள். அதற்குச் சேர்க்கும்போது பிடிலின் கீழ் இரண்டு தந்திகளும் ஐரோப்பியர் வைத்த இடத்திலேயே இருக்கும். மேல் இரண்டும் இரண்டிரண்டு சுரஸ்தானம் இறங்கினால் போதும். ஆண்கள் ஒரு கட்டைக்கு (C) வரும்போது நிலைமை தலைகீழ். கீழ்த்தந்திகள் ஏழு ஸ்தானமும் மேல்தந்திகள் ஒன்பது ஸ்தானமும் இறங்க வேண்டும். அதே தந்தியை வைத்தே இறக்கினால், கீழே இருப்பவற்றின் இழுவிசை பாதிக்கும் கீழே போகும். மேலே இருப்பவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவே மிஞ்சும்.

கச்சேரிக்கு முன் மேடையோரம் உட்கார்ந்து கவனித்தால் இது புரியும். வித்வான் பிருடையைத் திருகத் திருகத் தந்தி தளர்கிறது. வில்லைச் சற்று அழுத்தினால் நாதம் ஒரு இழை மேலேறி, பிறகுதான் தன் இடத்துக்கு வந்து நிற்கிறது. கச்சேரி தொடங்கி, மந்தர ஸ்தாயியில் குரல் கனமாக விழும் இடத்தில், பிடில் பஞ்சு வைத்து மூடியதுபோல் ஒலிக்கிறது. கனமான தந்தி போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சிறிய பெட்டிக்குள் பெரிய குரலை அடைத்த குறையை மைக்கால் தீர்க்க முடியாது.

தீர்வு பிடிலின் குடும்பத்திலேயே இருக்கிறது. பிடிலைவிடச் சற்றுப் பெரிய வியோலாவின் கீழ்த்தந்தி பிறவியிலேயே ஒரு கட்டை ஸட்ஜம், அடுத்தது பஞ்சமம். மேல் இரண்டை மட்டும் இரண்டிரண்டு ஸ்தானம் இறக்கினால் ச-ப-ச-ப தயார். ஐந்து கட்டைக்குப் பிடில் எவ்வளவு பொருத்தமோ, ஒரு கட்டைக்கு வியோலா அவ்வளவு பொருத்தம்.

ஐரோப்பாவிலும் இந்த வாத்தியம் வெகுகாலம் கும்பலோடு கும்பலாகத்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டு அதை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. இசையமைப்பாளர் ரெபேக்கா கிளார்க் தாமே வியோலா வாசித்தவர். 1919இல் அவர் வியோலாவுக்கும் பியானோவுக்குமாக எழுதிய சொனாட்டா, அமெரிக்கப் போட்டி ஒன்றில் எர்னஸ்ட் பிளாக்கின் படைப்போடு சமநிலையில் நின்றது. போட்டியை நடத்திய எலிசபெத் கூலிட்ஜின் வாக்கு பிளாக்குக்குப் போனது. ஒரு பெண்ணால் இப்படி எழுத முடியுமா என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண் என்று 2006இல்தான் பெயர் பெற்ற பொன்னம்மாளை நினைத்தால், அந்தச் சந்தேகத்தின் முகம் நமக்கும் பழக்கமானதுதான். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் தம் கடைசிப் படைப்பாக 1975இல் எழுதியதும் வியோலா சொனாட்டாவே. அது வியோலாவின் திறந்த தந்திகளை விரலால் மீட்டுவதில் தொடங்குகிறது. அலங்காரம் எதுவும் இல்லை, வெறும் ஸட்ஜ-பஞ்சம இடைவெளி. சுருதி சேர்ப்பதையே கேட்டு வளர்ந்த காது அந்த முதல் நொடியிலேயே நிமிர்ந்து உட்காரும்.

நம்மிடமும் முயற்சி இல்லாமல் இல்லை. பாடகர் பாலமுரளிகிருஷ்ணா வியோலா வாசித்தார். அது அவருடைய பல திறமைகளில் ஒன்றாகப் பேசப்பட்டதோடு சரி, மரபாக ஊன்றவில்லை.

எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. வியோலாவின் தந்தி நீளம் கூடுதல். ஒரு ஸ்தானத்திலிருந்து அடுத்ததற்கு விரல் அதிகம் நகர வேண்டும். தோடியின் காந்தாரத்தைப் பிடிலில் பழகிய விரல், வியோலாவில் அளவைப் புதிதாகக் கற்க வேண்டும். துரிதகால பிருகா தொடக்கத்தில் தடுமாறும். இன்று ஆணுக்கும் நாளை பெண்ணுக்கும் வாசிக்கும் வித்வான் இரண்டு வாத்தியம் வாங்கி, இரண்டையும் சுமக்கவும் வேண்டும். இவை உண்மையான செலவுகள். ஆனால் ஐரோப்பியரை வாட்டும் பெரிய தொல்லை, கனமான பெட்டியைத் தோளில் தூக்கி நிறுத்துவது, நமக்கு இல்லவே இல்லை. நம் கணுக்கால் அதை ஏற்கனவே தீர்த்துவிட்டது.

எல்லா மேடையிலும் பிடிலை அகற்றச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இசைக் கல்லூரி வகுப்பறையில் ஒரு வியோலா இருக்கட்டும். ஒரு கட்டையில் பாடும் மாணவர் அதே வர்ணத்தை இரண்டு முறை பாடட்டும், முதலில் இறக்கிய பிடிலோடு, பிறகு வியோலாவோடு. மைக்கை அணைத்துவிட்டு, மந்தர ஸ்தாயியை மட்டும் கேட்டுப் பார்க்கட்டும்.