யாருடைய கூடாரம்?

இங்கிலாந்தில் 2016-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி ஒரு செய்தி வெளியாயிற்று. பி.பி.சி.யில் நடந்துகொண்டிருந்த 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற போட்டி நிகழ்ச்சி, அடுத்த வருஷத்திலிருந்து சானல் 4-க்குப் போய்விடும் என்பதுதான் அது. ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகுவதென்று அந்த தேசம் வாக்களித்து மூன்று மாதம்கூட நிரம்பவில்லை. அந்தப் பெரிய பிரிவினையின் நடுவிலும் இந்தச் சின்னப் பிரிவினை பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. கேக் சுடுகிற நிகழ்ச்சிக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் அல்ல இது. ஒரு படைப்பில் ஜனங்களுடைய மனம் எந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

நிகழ்ச்சியைப் பாராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய மாளிகை ஒன்றின் புல்வெளியில் ஒரு வெள்ளைக் கூடாரம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர். யாரும் தொழில்முறைச் சமையற்காரர் அல்ல. வீட்டில் ஆசைக்குக் கேக்கும் ரொட்டியும் சுடுகிறவர்கள். வாரத்துக்கு மூன்று சோதனை. முதலாவது, அவரவர் கைவந்த பண்டம். இரண்டாவது, செய்முறையில் பாதியை மறைத்துக் கொடுத்துச் செய்யச் சொல்வது; இதில்தான் வேடிக்கை அதிகம். மூன்றாவது, கண்ணைப் பறிக்கும் அலங்காரப் பண்டம். வாரம் ஒருவர் வெளியேறுவார். கடைசியில் ஜெயிப்பவருக்கு ஒரு பூங்கொத்தும் கேக் வைக்கிற கண்ணாடித் தட்டும் பரிசு. ரொக்கம் ஒரு பென்னிகூடக் கிடையாது.

2010-ல் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் சாதுவாக ஆரம்பித்து, 2014-ல் முதல் அலைவரிசைக்கு உயர்ந்தது. நடுவர் இருவர்: 1935-ல் பிறந்து, எழுபதுக்கும் மேற்பட்ட சமையல் புஸ்தகங்கள் எழுதிய மேரி பெர்ரி, ரொட்டிக்காரர் மகனான பால் ஹாலிவுட். நடத்தி வைத்தவர்கள் மெல் கெட்ராய்ச், சூ பெர்கின்ஸ் என்ற இரண்டு பெண்கள். நெடுநாள் சிநேகிதிகள், ஹாஸ்யக்காரர்கள். மேஜை மேஜையாகப் போய் அசட்டுச் சிலேடை சொல்வார்கள். யாராவது பார்க்காதபோது ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார்கள்.

இந்த இரண்டு பெண்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். போட்டி நிகழ்ச்சி என்றாலே கண்ணீர்தான் அதன் அறுவடை. அழுகிற முகத்துக்கு மிக நெருக்கமாகக் காமிராவைக் கொண்டுபோவது அந்தத் தொழிலின் தர்மமாகவே ஆகிவிட்டது. முதல் வருஷத்துப் படப்பிடிப்பிலேயே இதைச் சகிக்கமுடியாமல் தாங்கள் விலகி நின்றதாகவும், போக்கு மாறிய பிறகே திரும்பி வந்ததாகவும் அவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். யாராவது உடைந்து அழ ஆரம்பித்தால் இவர்கள் ஓடிப்போய்த் தங்கள் கோட்டைக் கழற்றி அந்த ஆளின்மேல் போர்த்துவார்களாம். அல்லது பக்கத்தில் நின்று வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளைப் பொழிவார்களாம். அந்தப் படச்சுருளை அப்புறம் யாரும் உபயோகிக்க முடியாது அல்லவா? கெட்ட வார்த்தைக்கு இதைவிடக் கண்ணியமான உபயோகத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

நாவலில் கதை சொல்கிறவனுக்கு இந்தக் குணம் வேண்டும். பாத்திரத்தைக் கேலி செய்யலாம், அதன் அசட்டுத்தனத்தை ஊருக்கெல்லாம் சொல்லலாம். ஆனால் அது கூனிக் குறுகி நிற்கும்போது விளக்கைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது. பிடித்தால் வாசகன் அன்றைக்குப் படிப்பான், அழவும் அழுவான்; மறுபடி அந்த ஆசிரியனை வீட்டுக்குள் சேர்க்க யோசிப்பான். பேக் ஆஃப் நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள் என்றால், கேக்கின் ருசியா அவர்கள் வாய்க்கு எட்டியது? கதை சொல்கிற குரல் நம்பத் தகுந்ததாக இருந்தது, அதனால் பார்த்தார்கள்.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி பி.பி.சி.யின் சொத்து அல்ல. லவ் புரொடக்‌ஷன்ஸ் என்ற கம்பெனியின் கற்பனை, அந்தக் கம்பெனியின் உடைமை. அதன் 70 சதவிகிதப் பங்கை 2014-ல் ஸ்கை நிறுவனம் வாங்கியிருந்தது. வருஷத்துக்கு 1.5 கோடி பவுன் வரை பி.பி.சி. தர முன்வந்ததாகவும், சானல் 4 வருஷத்துக்கு 2.5 கோடி வீதம் மூன்று வருஷத்துக்கு 7.5 கோடிக்கு முடித்துவிட்டதாகவும் பத்திரிகைகள் எழுதின. பேராசை, துரோகம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நான் அந்தக் கம்பெனியைத் திட்டத் தயாராக இல்லை. இந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சில வருஷம் அலைந்த பிறகுதான் ஒரு வாசல் திறந்தது. விளைந்ததை விளைவித்தவன் விற்கிறான்.

ரசிகர்களின் கோபத்தில் இன்னொரு பிசகும் இருந்தது. ஏதோ தனியார் முதலாளியிடம் தங்கள் பிள்ளையை விற்றுவிட்டதுபோலப் பலர் பேசினார்கள். 1982-ல் ஒளிபரப்பை ஆரம்பித்த சானல் 4-ம் பொதுச்சொத்துத்தான். விளம்பர வருமானத்தில் நடக்கிறது, அவ்வளவே. ஆனால் அந்த 'எங்கள்' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. பி.பி.சி.க்காக ஒவ்வொரு வீடும் அப்போது வருஷத்துக்கு 145.50 பவுன் கட்டணம் செலுத்திவந்தது. சந்தா கட்டுகிறவன் நூல்நிலையத்தின் புஸ்தகத்துக்கு உடைமைக்காரன் ஆகிவிட மாட்டான், வாஸ்தவம். ஆனாலும் பத்து வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படித்தவன் அந்த நாற்காலியை 'என் இடம்' என்றுதானே சொல்கிறான்? (உடைமை என்பது எத்தனை விசித்திரமான சமாசாரம் பாருங்கள்: அமெரிக்காவில் இந்த நிகழ்ச்சிக்கு 'பேக் ஆஃப்' என்ற பெயரே கிடையாது. பில்ஸ்பரி என்ற மாவுக் கம்பெனி அந்தச் சொல்லை முன்பே தன் வியாபாரக் குறியாகப் பதிந்து வைத்திருப்பதால், அங்கே வேறு பெயரில்தான் காட்டுகிறார்கள்.)

மறுநாளே மெல்லும் சூவும் தாங்கள் போகப்போவதில்லை என்று அறிவித்தார்கள். 'பிசைந்த மாவு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்குக் கொச்சையில் 'பணம்' என்றும் பொருள் உண்டு. விடைபெறும்போதும் அந்தச் சிலேடையை அவர்கள் விடவில்லை. பத்து நாள் கழித்து மேரி பெர்ரியும் பி.பி.சி.யிலேயே தங்கிவிடுவதாகச் சொன்னார். பால் ஹாலிவுட் மட்டும் கூடாரத்தோடு போனார். அவரை ஜனங்கள் பேசிய பேச்சு நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம். மூவர் விலகியது அழகுதான். ஆனால் நாலாமவர் வேலைக்குப் போனது குற்றமாகிவிடாது.

இதற்கிடையில் நடந்த ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும்விட உருக்கமாகப் படுகிறது. செய்தி வெளியானபோது அந்த வருஷத்துத் தொடர் பாதியில் இருந்தது. படம் பிடித்ததெல்லாம் மாதக்கணக்கில் முன்னால் முடிந்த காரியம். ஆகவே திரையில் நாலு பேரும் பழையபடி சிரிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், அடுத்த வாரம் சந்திப்போம் என்கிறார்கள். பார்க்கிறவனுக்கு மாத்திரம் தெரியும், இந்த நாலு பேரும் இனி ஒன்றாக நிற்கப்போவதில்லை என்று. நாடகாசிரியன் தலையைப் பிய்த்துக்கொண்டு உண்டாக்க வேண்டிய நிலைமையை ஒரு வியாபார ஒப்பந்தம் சும்மா உண்டாக்கிவிட்டது. அக்டோபர் 26-ந் தேதி நடந்த கடைசிப் போட்டியை ஏறத்தாழ 1 கோடியே 59 லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் போட்டியைப் பார்த்தார்கள், எத்தனை பேர் வழியனுப்ப வந்தார்கள்?

2017 ஆகஸ்டு 29-ந் தேதி சானல் 4-ல் புதுத் தொடர் தொடங்கியது. அதே வெல்ஃபோர்டு பார்க் புல்வெளி, அதே கூடாரம், கட்டம் போட்ட அதே துணி, அதே சங்கீதம். நடுவராக மேரிக்குப் பதில், 1969-ல் லண்டனில் உணவகம் தொடங்கிப் பேர்வாங்கிய ப்ரூ லீத். நடத்துகிறவர்கள் சாண்டி டாக்ஸ்விக், நோயல் ஃபீல்டிங். அன்று உச்ச நேரத்தில் பார்த்தவர்கள் 65 லட்சம். பி.பி.சி.யின் கணக்குக்கு இது பாதிகூட இல்லை. சானல் 4-க்கோ கனவில் காணாத கூட்டம். கூடாரம் காலியாகிவிடும் என்று சபித்தவர்களின் வாக்குப் பலிக்கவில்லை.

புது ஆட்கள் மோசமா என்றால், இல்லை. சாண்டியிடம் பழகிய அத்தையின் பரிவு இருந்தது. ஃபீல்டிங் முதலில் தப்பான கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றார். சில வாரத்தில் போட்டியாளர்களோடு தரையில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டுவிட்டார். ப்ரூ லீத் மேரியைவிட நாக்குக் கூர்மையானவர். அவர்தான், பூடானில் இருந்தபோது மணிக்கணக்கில் குழம்பி, கடைசிப் போட்டி ஒளிபரப்பாகும் முன்பே ஜெயித்தவர் பெயரை ட்விட்டரில் போட்டுவிட்டார். தேசமே தலையில் அடித்துக்கொண்டது. அந்த ஏச்சில் நான் கேட்டது அந்நியரை ஏசுகிற குரல் அல்ல. கல்யாண ரகசியத்தை உளறிவிட்ட பெரியம்மாவை ஏசுகிற குரல். அன்றுதான் அவர் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தார்.

எனக்கு மனத்தாங்கல் விளம்பரத்தில்தான். நிகழ்ச்சியை வெட்டாமல் இருக்க நேரத்தை 75 நிமிஷமாக நீட்டினார்கள், நல்ல காரியம். ஆனால் வாராவாரம் 'தொடரும்' போடுகிற எனக்கு ஒன்று தெரியும். எங்கே நிறுத்துவது என்பதும் கதையில் சேர்ந்ததுதான். அடுப்புக் கதவின் முன்னே மண்டியிட்டு, கேக் எழும்புகிறதா என்று ஒருவர் உற்றுப் பார்க்கிறார்; அவரோடு நாமும் சும்மா காத்திருந்த அந்த அரை நிமிஷம்தான் பழைய நிகழ்ச்சியின் ஜீவன். அந்த இடத்தில் சர்க்கரைப் பாகு விற்கிறவர் குறுக்கே வந்தால் காத்திருத்தல் போய்விடுகிறது. தவிப்பு மாத்திரம் மிஞ்சுகிறது.

சரி, போனவர்கள் என்ன ஆனார்கள்? 2018-ல் மெல்லையும் சூவையும் வைத்து, 'ஜெனரேஷன் கேம்' என்ற பழைய விளையாட்டு நிகழ்ச்சிக்கு பி.பி.சி. உயிர் கொடுத்துப் பார்த்தது. இரண்டே ஒளிபரப்போடு நின்றுபோயிற்று. மேரி பெர்ரியை நடுவராக்கி அதே வருஷம் ஒரு சமையல் போட்டி தொடங்கினார்கள். பழைய பித்து அதற்குப் பிடிக்கவில்லை. இதெல்லாம் புதிதல்ல. மோர்கம்-வைஸ் ஹாஸ்ய ஜோடி 1978-ல் பி.பி.சி.யை விட்டு தேம்ஸ் டெலிவிஷனுக்குப் போனபோது, அவர்களுக்கு எழுதிக் கொடுத்த எடி பிரேபன் உடன் செல்லவில்லை. ஜோடி அதே ஜோடிதான். பழைய பிரகாசம் திரும்பவில்லை. சட்டத்தை வைத்திருந்தவன் ஆட்களை இழந்தான், ஆட்களை வைத்திருந்தவன் சட்டத்தை இழந்தான். ஜனங்கள் நேசித்ததோ இரண்டும் சேர்ந்த இடத்தை. அதற்கு யாரிடமும் பத்திரம் இல்லை. அதனால் அதை யாரும் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தபோது அது நடுவில் கலைந்துபோயிற்று.

அதன்பின் 2020-ல் சாண்டி விலகி மாட் லூகாஸ் வந்தார். 2022-ல் அவரும் விலகினார். 2023-ல் அலிசன் ஹாமண்ட் வந்தார். ஒவ்வொரு தடவையும் கூச்சல் குறைந்துகொண்டே போயிற்று. நிகழ்ச்சி ஸ்திரப்பட்டுவிட்டதற்கு அத்தாட்சி என்று இதைச் சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தடவை சூடு கண்ட ரசிகர்கள், நடத்துகிறவர்கள்மேல் அளவுக்கு மிஞ்சி ஆசை வைக்காமல் ஜாக்கிரதையாகப் பார்க்கப் பழகிவிட்டார்கள். பார்த்தவர்களின் தொகையைச் சொல்லும் கணக்கில் இது ஏறாது.

இத்தனை ரகளையிலும் அதிகம் பேசப்படாதவர்கள், 2017-ல் கூடாரத்துக்குள் நுழைந்த அந்தப் பன்னிரண்டு போட்டியாளர்கள். அலைவரிசை யாருடையது என்று வெண்ணெய்க்குத் தெரியாது; உருகுகிற நேரத்தில் உருகிற்று. முன்னாள் ராணுவ அதிகாரியான சோஃபி ஃபால்டோ ஜெயித்தார். அவருக்குக் கிடைத்ததும் ஒரு பூங்கொத்து, ஒரு கண்ணாடித் தட்டு. 7.5 கோடி பவுன் ஒப்பந்தத்தின் முதல் வருஷத்திலும் பரிசில் ஒரு பென்னி கூடவில்லை.